அண்ணை விற்காத அச்சு

சனிக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். சமையலறை ஜன்னலால் முதலில் கண்டது ஒரு கையை. பக்கத்து வீட்டு ஷெட்டின் கதவு திறந்து கிடந்தது. தடித்த தோல் கையுறை போட்ட அந்தக் கை, சிறிய எதையோ வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்து, பிறகு கீழே இறக்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் தூக்கியது, பார்த்தது, இறக்கியது. தேநீர் ஆறும்வரை நின்று எண்ணினேன். ஏழு தடவை.

கையில் இருந்தது ஈயக் குண்டு, அப்போதே வார்த்தது. நல்லதென்றால் மேசையில் விரித்த பழைய துவாயில் உருட்டி விடுவார். பழுதென்றால் உருகும் சட்டிக்குள்ளேயே திரும்பப் போய்விடும். துவாய் வெறுமையாக இருந்தது. அவருக்கு மறுநாள் துப்பாக்கி சுடும் போட்டி.

அவரை நாங்கள் அண்ணை என்போம். லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுச் சுவரும் அவர் வீட்டுச் சுவரும் ஒன்று. ஹவுன்ஸ்லோப் பக்கம் விமானங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பழைய துப்பாக்கிகள் சுடும் கிளப் ஒன்றுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணைக்கு அதுதான் பொழுதுபோக்கு. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்து, ஒவ்வொரு வெடியாகச் சுடும் துப்பாக்கி. "ஊரை விட்டு வெடிச் சத்தத்துக்குப் பயந்து வந்த ஆக்கள் நாங்கள். இவர் இஞ்ச சந்தா கட்டி வெடி கேக்கப் போறார்" என்று அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்பவர், யார் வந்தாலும் சொல்லுவார்.

அந்தத் துப்பாக்கியோடு சேர்ந்து வந்ததுதான் அச்சு. பார்த்தால் பாக்குவெட்டி போல இருக்கும். இரண்டு இரும்புக் கைப்பிடி. நுனியில் அரை உருண்டைக் குழிகள் இரண்டு. மூடினால் ஒரு முழு உருண்டை. துப்பாக்கிக் குழாயில் வெட்டியிருக்கும் அதே இலக்கம் அச்சின் கைப்பிடியிலும் வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே கையால் குடைந்ததால், ஒன்றின் அளவு மற்றதற்கு வராது. கடைக் குண்டு இந்தக் குழாய்க்குள் ஒன்றில் ஆடும், அல்லது போகாது. இந்த அச்சு இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி ஒரு இரும்புத் தடி.

கிளப்பில் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கிறதாம். மற்ற அச்சுகளை மாற்றுவார்கள், விற்பார்கள், இரவல் கொடுப்பார்கள். அந்த ஒன்றை மட்டும் கேட்கக்கூடாது. ஒருவர் துப்பாக்கியையே விற்றுவிட்டாராம், அச்சைக் கொடுக்கவில்லை. வாங்கியவர் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்பி, அடியில் அச்சைப் பற்றி ஒரு வரி எழுதுகிறாராம். அண்ணையிடமும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அவர் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு வருடமாக அவர் சுடவில்லை. வலது கண்ணில் வெண்புரை. குறி பார்க்கும் கண் அதுதான். கிளப் அணியில் அவருடைய இடத்தை அதுவரை வைத்திருந்தார்கள். இந்த ஞாயிறும் வராவிட்டால் வேறொருவருக்கு என்று எழுதிவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் போவதற்கு முதல் நாள் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"தம்பி, ஷெட் ஒழுகுது, வீட்டுக்குள்ள அக்கா விடமாட்டா. நான் திரும்பி வரும்வரைக்கும் இதை உள்ளுக்க வையும்."

திறந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் நான் பன்னிரண்டு வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன். சுவர்களில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து குறித்திருக்கிறேன். குண்டு எங்கே செய்யப்படுகிறது என்பதை நான் பார்த்ததில்லை. "சட்டப்படி பிரச்சினை ஒண்டும் இல்லையோ அண்ணை?" என்றேன்.

"துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ். இது இரும்புத் துண்டு. உம்மட இடியப்ப உரலுக்கு லைசென்ஸ் எடுத்தனீரோ?"

படிக்கட்டின் கீழே அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட அப்பா வளவுக்குள்ள ஒரு வெத்துத் தோட்டாக் கோதைக் கண்டிட்டு, அதைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள போட்டவர். நீங்கள் அச்சையே அரிசிக்குப் பக்கத்தில வைக்கிறியள்."

"அண்ணை கேட்டவர்" என்றேன். அவள் அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். காரணம் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், நவம்பர் ஐந்தாம் திகதி தெருவெல்லாம் வாணம் விட்டார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணை என்ன கவனித்தார் என்று தெரியாது. அடுத்த வருடம் அதே திகதி மாலை ஆறு மணிக்கு ஒரு பை வறுத்த கச்சான் கடலையோடு வந்து, எட்டு மணிவரைக்கும் ஷெட் கூரையைப் பற்றிக் கதைத்தார். கொஞ்சம் சத்தமாகவே கதைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. ஏன் வருகிறார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே அந்தப் பெட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். தவறு அங்கே தொடங்கியது.

நான்காம் நாள் அச்சை எடுத்துப் பார்த்தபோது விளிம்பில் மிளகளவு துரு இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு குண்டு. மறந்துபோய் விட்டிருக்கிறார் என்று எண்ணி அதை எடுத்து, றப்பர் வளையங்களும் பழைய பூட்டுத் திறப்புகளும் கிடக்கும் மேசை லாச்சிக்குள் போட்டேன். போட முன்னர் பார்த்தேன்; அதன் மேல்பக்கத்தில் பிறை வடிவில் ஒரு மடிப்பு இருந்தது. பார்த்ததை மனதில் குறித்துவைப்பது எனக்குப் பழக்கம்.

இரும்பு துருப்பிடித்தால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சவர்க்காரம் போட்டுப் பஞ்சால் கழுவினேன். அடுப்பில் மெல்லிய சூட்டில் காயவைத்தேன். ஒரு சின்ன வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, நல்லெண்ணெயில் தோய்த்து, குழிக்குள் வைத்துச் சுழற்றினேன். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். வெங்காயப் பாதி அந்தக் குழிக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். காயவைத்து, தேய்த்து, மறுபடி காயவைத்து, மூன்று தரம் செய்தேன். அச்சு கறுத்து மினுங்கியது. வியாழக்கிழமை அண்ணை கண்ணில் கட்டு இல்லாமல் வந்து பெட்டியை வாங்கிப் போனார்.

இப்போது சனிக்கிழமை, ஏழு குண்டுகள் பழுது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தால் போனேன்.

"வாரும் தம்பி. ஷெட்டுக்குள்ள தோசை மணக்குது" என்றார் அண்ணை.

அக்கா குசினி வாசலில் நின்றார். "நானும் அதைத்தான் கேக்கிறன். அங்கயே சுடுறதெண்டால் எனக்கும் ரெண்டு கொண்டுவரச் சொல்லும்."

அண்ணை எட்டாவது குண்டைக் குறட்டால் பிடித்துக் காட்டினார். உருண்டையாக இருந்தது, ஆனால் தோல் முழுவதும் சுருக்கம். "பாரும், தொண்ணூறு வயசுக் கிழவன்ர முகம். ஈயம் சூடு, அச்சுச் சூடு, எல்லாம் சரி. ஏனெண்டு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. செய்தியில் எழுதுவது போல, எதை முதலில் செய்தேன், எதைப் பிறகு செய்தேன் என்று வரிசையாகச் சொன்னேன்.

"எண்ணெய் போட்டனீரோ?"

"ஓம்."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய். வெங்காயத்தில தோய்ச்சுத் தேய்ச்சனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தினை தரம்?"

"மூண்டு."

"உளுந்து போடேல்லையோ?" என்றார் அக்கா.

அக்காவின் சிரிப்பு அடங்கும்வரை நான் நின்றேன். அண்ணை சிரிக்கவில்லை. அச்சை வெளிச்சத்தில் பிடித்து, வலது கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். இந்தக் குழியில் எண்ணெய் ஒரு பொட்டு இருந்தாலும் ஈயம் சுருங்கும் என்று பிறகு சொன்னார். நான் ஒரு பொட்டு வைக்கவில்லை. மூன்று பூச்சுப் பூசி, சுட்டு இறுக்கியிருக்கிறேன்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சனீரோ? கம்பி நார், அரம், அப்பிடி ஏதும்?"

"இல்லை அண்ணை. பஞ்சுதான்."

"அப்ப பயமில்லை. பூசினது கழரும். தேய்ஞ்ச இரும்புதான் திரும்பி வராது." கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "உள்ளுக்கப் போய் அக்காவிட்ட சலவைச் சோடா வாங்கிக்கொண்டு வாரும்."

அவ்வளவுதான். செய்த பிழைக்கு என்னைத் திட்டாமல் விட்டவர்களின் பட்டியல் ஒன்று என்னிடம் உண்டு, அது நீளமில்லை. அவர்களுக்கு நான் நன்றியுடையவன்.

ஷெட்டில் கிடந்த பழைய சட்டியில் சோடாத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அச்சைப் போட்டார். முதல் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. இரண்டாவது கொஞ்சம் வெளிறியது. பழைய பல் தூரிகையால் நான் குழியைத் தேய்த்தேன். அவர் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, அது பல்லில்லை" என்றார். நான்காவது தண்ணீர் தெளிவாக இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவைத்து, மெழுகுதிரிப் புகையில் குழியைக் காட்டினார். உள்ளே மெல்லிய கரி படிந்தது. அந்தக் கரி இருக்கலாமாம், எண்ணெய் கூடாதாம். மணி பத்தரை.

முதல் குண்டு சுருக்கம். இரண்டாவதும் அப்படியே. "அச்சு இன்னும் சூடேறேல்லை" என்றார் அவர். மூன்றாவதில் பாதி வழவழப்பு. ஐந்தாவதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார், திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். துவாயில் உருட்டி விட்டார்.

துவாயில் ஆறு சேர்ந்தபோது கேட்டார். "உள்ளுக்க ஒண்டு விட்டிருந்தன். அது எங்க?"

அப்போதுதான், அவர் சொல்லி, எனக்குத் தெரிந்தது. வேலை முடித்து அச்சை மூடும்போது கடைசிக் குண்டை எடுப்பதில்லை. உள்ளே ஈயம் இருந்தால் காற்றுப் புகாது, துருப் பிடிக்காது. மறந்து விட்டதல்ல, வைத்தது. வீட்டுக்கு ஓடி, லாச்சியைக் கிளறி எடுத்து வந்தேன்.

அவர் அதை வலது கண்ணால் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடி இடதால் பார்த்தார். மறுபடி வலது கண்.

"ரெண்டு வரியத்துக்கு முதல் கடைசியா வார்த்தது. இனி இப்பிடி ஒரு வடிவான குண்டு என்ர கையால வராது எண்டு நினைச்சு உள்ளுக்க விட்டனான்." விரலால் அந்தப் பிறை மடிப்பைத் தடவினார். "இந்தப் பழுதை நீர் கண்டனீரோ?"

"ஓம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."

"பேப்பர்காரன்" என்று அக்காவிடம் சொன்னார். குண்டைத் துணியால் துடைத்து, கரண்டியில் வைத்து, சட்டிக்குள் இறக்கினார். அது கொஞ்ச நேரம் உருண்டையாகவே நின்றது. பிறகு எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குத் துவாயில் இருபது குண்டுகள். இருபத்தோராவதை வார்த்து, திறக்காமல், அச்சைப் பெட்டிக்குள் வைத்தார்.

ஞாயிறு நானும் போனேன். அவர் கேட்கவில்லை, நான்தான் வருகிறேன் என்றேன். மோட்டார்வேயைத் தாண்டி ஒரு மணி நேரம். காதை மூடும் கருவி ஒன்றைத் தந்து, எனக்குக் கதிரையைக் கடைசி வேலியோரமாக அவரே தூக்கிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் தோளில் வைப்பதற்கு முன்னர், திரும்பிப் பார்க்காமல், இடது கையைத் தலைக்கு மேல் ஒருமுறை உயர்த்தினார். இந்த விளையாட்டில் அது ஒரு வழக்கம் என்று நினைத்தேன். மற்ற வரிசைகளைப் பார்த்தேன். யாரும் கையை உயர்த்தவில்லை. முதல் வெடிக்கு நான் கண்ணை மூடினேன். நான்காவதுக்கு மூடவில்லை.

அரை மணி நேரத்தில் பதின்மூன்று குண்டுகள். குறி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பதினொன்று கறுப்பு வட்டத்துக்குள் இருந்தன. அடுத்த போட்டிக்கான அணித் தாளில் அவருடைய பெயரை எழுதுவதைப் பார்த்தேன். பழக்கத்தால் அட்டையின் ஓட்டைகளை அளக்கக் கை போனது. அடிமட்டம் இருக்கவில்லை.

அன்று மாலை ஐந்தேகாலுக்கு அண்ணை எங்கள் வீட்டு மணியை அடித்தார். கையில் தகரப் பெட்டி. மனைவி வாங்கி உள்ளே வைத்தாள்.

ஷெட் இன்னும் ஒழுகுகிறது. பெட்டி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.