டெலிபோன் புத்தகத்து எரேராக்கள்

"…அப்ப உதிலை கிடக்கிற அவ்வளவு பேரும் பெடியன்ரை சொந்தக்காரரே?" என்று கேட்டார் பெரியமாமா. ரொறொன்ரோ டெலிபோன் புத்தகம் அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. நான் விரல் வைத்த இடத்திலிருந்து எரேரா, எரேரா என்று ஒரே பெயர் பக்கத்தின் அடிவரை வரிசை கட்டி நின்றது.

"ஓம் மாமா. எல்லாருக்கும் ஒரே பேர்தானே," என்றேன். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் எல்லாரையும்விட நல்லாய் இங்கிலீஷ் வாசிக்கிறவள் என்று ஒரு தலைக்கனமும் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் அப்படி வழிவழியாக வருகிற பெயர் கிடையாது. எனக்குப் பின்னால் அப்பாவின் பெயர், அப்பாவுக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர், பெரியமாமாவுக்கும் சின்னம்மாவுக்கும் பின்னால் அவர்களுடைய அப்பாவின் பெயர். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரே பானைச் சோறு சாப்பிட்ட எங்களை அந்தப் புத்தகத்தில் தேடுவதென்றால் மூன்று இடங்களில் தேட வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே பெயரில் ஒரு பக்கம் நிறைய மனிதரைக் கண்டால் எப்படி இருக்கும்? பெரியமாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "பெரிய குடும்பம்தான் போலை," என்றார். சும்மா சொல்லக்கூடாது, குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். சின்னம்மா எரேரா என்ற பெயருடைய, தென்னமெரிக்காவில் எக்குவடோர் நாட்டுக்காரர் ஒருவரைக் கட்டப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டா. எங்கள் கட்டடத்தில் லிஃப்ற் அடிக்கடி நிற்கும். ஒருநாள் அரிசி மூட்டையோடு இரண்டு மாடிக்கு நடுவில் அகப்பட்ட சின்னம்மாவை, கதவைப் பிளந்து இறக்கிவிட்ட, லிஃப்ற் திருத்துகிற மனிதர் அவர். சின்னம்மாவைவிட முதலில் அரிசி மூட்டையைத்தான் வாங்கி வைத்தாராம். "பாரம் தெரிஞ்ச மனுசன்," என்று சின்னம்மா எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறா. சின்னம்மாவுக்கு அப்பா இல்லாதபடியால் தகப்பன் இடத்தில் தமையன் பெரியமாமாதான். அவர் ஓம் என்றால் கலியாணம். இல்லையென்றால் சின்னம்மா மீறிப் போகமாட்டா, உள்ளுக்குள்ளேயே உருகிப்போவா. அது எனக்கே தெரிந்திருந்தது.

மாப்பிள்ளை என்றால் நாலு பேரிடம் விசாரிக்காமல் எங்கள் ஆட்கள் பெண் கொடுப்பார்களா? பெரியமாமா என்னிடம் டெலிபோனைத் தந்தார்.

"முதல்லை சுகம் கேள். பிறகு உங்கடை எரேராப் பெடியன் ஆள் எப்பிடி எண்டு கேள்."

முதலில் எடுத்தவர் ஒரு பெண். பிலிப்பைன்ஸ்காரர். மாப்பிள்ளையை அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஸ்பெயின்காரர் வந்து ஊர் ஊராகப் பெயர் கொடுத்துவிட்டுப் போனதால் தங்கள் தெருவில் பாதிப் பேர் எரேராதான் என்று சிரித்தார். அடுத்தவர் சிலி நாட்டவர், முடி வெட்டுகிறவர். லிஃப்ற் திருத்துகிறவரா, எங்கள் கட்டடத்துக்கும் கொஞ்சம் அனுப்பிவையுங்கள் என்றார். மூன்றாமவர் ஒரு வயோதிபர். பெடியனைத் தெரியாது, ஆனால் கலியாணம் எப்போது என்று இரண்டு தரம் கேட்டார். எல்லாவற்றையும் நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் பெரியமாமா புத்தகத்தை மூடினார்.

"பாத்தியளே, ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லேல்லை! எங்கடை சனத்திலை ஆரையும் பற்றி மூண்டு பேரிட்டைக் கேட்டிருந்தால் இவ்வளவுக்கு என்ன நடந்திருக்கும்?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். பெயருக்கு என்ன பொருள் என்று கண்டுபிடித்து எல்லாரையும் அசத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு லைப்ரரிக்குப் போனேன். அங்கே வேலை செய்த ஒரு பெண் செங்கல் போன்ற ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். அதில் எரேரா இருந்தது. ஸ்பெயினில் இரும்பு உருக்குகிற, அடிக்கிற இடங்களுக்கு அந்தப் பெயராம். அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களும் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார்களாம். கப்பல் ஏறிப்போய் உலகத்தில் பாதி நாடுகளில் பரவிய பெயராம். எனக்குப் புல்லரித்தது. சப்வே ரயில் இரும்பு, றோட்டில் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் இரும்பு, லிஃப்றைத் தாங்குகிற கம்பி இரும்பு. இதைவிடப் பொருத்தமான பெயர் ஒரு மனிதனுக்கு அமையுமா? கொப்பியில் தமிழில் எழுதி, அடியில் சிவப்புக் கோடும் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விட்பியிலிருந்து ஒரு அங்கிளும் அன்ரியும் தங்கள் மகனோடு வந்தார்கள். அங்கிள் அம்மா ஆட்களுக்குச் சித்தப்பா முறை, பெரியமாமாவைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. கலியாணப் பேச்சு என்றால் அவர் இல்லாமல் நடக்காது. தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து நான் நடுவில் நின்று கொப்பியை விரித்து வாசித்தேன். கை தட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப இரும்படிக்கிற ஆக்கள் எண்டு சொல்லு."

குசினிக்குள் பொரிந்துகொண்டிருந்த வடையின் சத்தம் மட்டும் கேட்டது. அன்ரி குரலைத் தாழ்த்தி, "நாங்கள் உதொண்டும் பாக்கிற ஆக்களில்லை, தம்பி. ஆனால் நாளைக்கு நாலு சனம் கேக்குமெல்லே?" என்றா. அம்மா நிலத்தைப் பார்த்தா. நான் எங்கோ பிழையாக வாசித்துவிட்டேன் என்று எண்ணி, "கனபேருக்கு உள்ள பேராம், நாடு நாடாய் இருக்காம்," என்று மறுபடி தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டா. சின்னம்மா கதவடியில் எண்ணெய்க் கரண்டியோடு நின்றா. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியமாமா மெதுவாக ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"சித்தப்பா, இந்தப் பிள்ளை எரேராக்களுக்கு டெலிபோன் அடிச்சுக் கேட்டது. ஒருத்தர் ஒரு குறை சொல்லேல்லை."

"அவைக்குப் பெடியனை ஆரெண்டே தெரியாதாமெல்லே!"

"அதுதானே சொல்லுறன். தெரியாத ஆளைப் பற்றிக் கூடாமல் பேசாத சனம் சித்தப்பா. உங்களைப் பற்றி எங்கடை ஆக்கள் மூண்டு பேருக்கு அடிச்சுக் கேக்கட்டோ?"

அங்கிள் எழுந்து கோட்டைப் போட்டார். "நீ உன்ரை தங்கச்சியைக் குடு. நாங்கள் மறிக்கேல்லை," என்றார். பெரியமாமா அவர்களை லிஃப்ற்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "ஆவணியிலை நாள் பாப்பம்," என்றார். சின்னம்மா கரண்டியோடு குசினிக்குத் திரும்பிப் போனா. அன்றைக்கு வடை கொஞ்சம் கருகித்தான் போயிற்று.

கலியாணம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். எக்குவடோரிலிருந்து மாப்பிள்ளையின் தாயும் தமையனும் மட்டும்தான் வந்திருந்தார்கள். பெடியன் பக்கம் ஆட்கள் காணாது என்று பெரியமாமா என்னைக் கொண்டு மறுபடி டெலிபோன் எடுப்பித்திருந்தார். பிலிப்பைன்ஸ் பெண் பிள்ளைகளோடு வந்தார். முடி வெட்டுகிறவர் மாப்பிள்ளைக்குத் தானே முடி சீவிவிட்டார். அந்த வயோதிபர் கோட்டும் ரையுமாக வந்து, மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் சொந்தத் தமையன் மாதிரி நின்றார்.

மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது பெண்ணுக்குத் தம்பி முறையான ஒரு சிறுவன் கால் கழுவி உள்ளே அழைத்து வருவது எங்கள் வழக்கம். விட்பி அங்கிளின் மகன்தான் அதற்குத் தோது. வேட்டிகூட வாங்கி வைத்திருந்தது. மேளம் தொடங்கி, மாப்பிள்ளை வெறுங்காலோடு வாசலில் நிற்கிறார், செம்பில் தண்ணீர் இருக்கிறது, தாம்பாளம் இருக்கிறது, கால் கழுவ வேண்டிய பெடியனைக் காணவில்லை. ஐயர் கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுகிறார். எங்கள் சனத்தில் பலர் கதிரைகளைவிட்டு எழும்பாமல் இருந்தார்கள். அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

விட்பியிலிருந்து வருகிற றோட்டில் நெரிசலாக்கும் என்றுதான் நான் நினைத்தேன். "இன்னும் அஞ்சு நிமிசம் பொறுத்தால் வந்திடுவினம் மாமா," என்று ஓடிப்போய்ச் சொன்னேன். ஏன் எல்லாரும் அப்படி ஓய்ந்து போனார்கள், அதைக் கேட்டு மாமா ஏன் என் தலையைத் தடவினார் என்பது விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

பெரியமாமாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் பழுது. தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். கதிரைகளில் இருந்த அவ்வளவு பேரும் பார்க்க, தாம்பாளத்துக்கு முன்னால் மெதுவாக முழங்காலிட்டார். மாப்பிள்ளை பதறிக் காலை இழுத்தார். பெரியமாமா விடவில்லை. அந்தக் குதிக்காலை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, செம்பைச் சரித்து, தண்ணீரை வார்த்தார்.