கணவரை இழந்து கதறும் பெண்

எங்கேயாவது பட்டாசு வெடித்து உயிர் போனால், மறுநாள் பேப்பரில் சண்முகத்தாயின் முகம் வந்துவிடும். விபத்து தாயில்பட்டியில் நடந்தாலும் சரி, சாத்தூர்ப் பக்கம் நடந்தாலும் சரி, தலையில் கைவைத்து, வாய் கோணி அவள்தான் அழுதுகொண்டிருப்பாள். கீழே 'கணவரை இழந்து கதறும் பெண்' என்று போட்டிருக்கும். அந்தக் கணவர் பாண்டியோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

படம் எடுத்தது 2003-இல். பட்டாசுக் கம்பெனியில் பாண்டி வெடிமருந்து செலுத்தும் ரூம் தரைமட்டமான அன்று, சண்முகத்தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடி, பிணவறை வாசலில் விழுந்து அழுதாள். லோடு ஏற்றப் போயிருந்ததால் தப்பித்த பாண்டி, அவளைத் தேடி வந்து பின்னாலிருந்து தோளில் கைவைத்தான். "ஏ சம்முகம், நான் இருக்கேன்ல!" அவள் திரும்புவதற்குள் நிருபர் சீனிவாசகத்தின் கேமரா மின்னிவிட்டது.

பேப்பரில் வந்தது முகம் மட்டும். 'வெளிச்சத்துக்கு வந்த துயரம்' என்று மேலே கொட்டை எழுத்து. இந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு வெளிச்சத்தின் மேல் அப்படி ஒரு மோகம். ஊழல் வெளிச்சத்துக்கு வரும், வறுமையை வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள். ஒரு முகத்தில் வெளிச்சம் அடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் இருட்டுக்குள் போய்விடுவானே என்று ஒருத்தருக்கும் தோன்றாது.

"செத்துட்டாகன்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி, விடுடி" என்றாள் பக்கத்து வீட்டு சொர்ணலட்சுமி. முதல் தடவை சண்முகத்தாயும் சிரித்தாள். அதே படம் மறு வருஷமும், அதற்கடுத்த வருஷமும் வந்தபோது சிரிப்பு வரவில்லை. பொய்யை இத்தனை தரம் சொன்னால் சாமி காதில் விழுந்து தொலைக்காதா? சாயங்காலம் கம்பெனி வேன் வந்து பாண்டி இறங்கும்வரை வாசலை விட்டு அவள் நகர்வதில்லை. ஒருநாள் கடையில் வாங்கிய வடையைப் பிரித்தால், எண்ணெய் ஊறிய தாளில் அவள் முகமே அழுதது. அன்று பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போனாள்.

சீனிவாசகம் டீக்கடையில் இருந்தார். "அக்கா, ஒங்க முகத்தப் பாத்துத்தான் வெளியூர்க்காரனுக்கு நம்ம கஷ்டம் தெரியுது. அது ஒரு லைட்டு மாதிரி" என்றார்.

"எங்க வீட்டுக்காரவுக வேல பாக்குற ரூம்ல லைட்டே போடக் கூடாது தம்பி. பொழுது சாஞ்சா எந்திரிச்சு வந்துருவாக. ஒங்க லைட்ட எப்பய்யா அமத்துவீக? தாலி கழுத்துல இருக்கையிலயே அறுத்தவள்னு எழுதுறீகளே, அவுகளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"ஆபீஸ்ல சொல்றேங்க்கா."

சொன்னாரோ இல்லையோ, படம் வந்துகொண்டுதான் இருந்தது.

2009, தீபாவளி சீசன். அவசர ஆர்டர். மத்தியானம் பூமி அதிர்ந்தது. அன்று வேனில் பாண்டி இறங்கவில்லை.

அதே பிணவறை வாசல். டிவிக்காரன் ஒருத்தன் அவள் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்து, "இங்கன பாருங்கம்மா" என்றான். சண்முகத்தாய் கண் இமைக்காமல் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆறு வருஷமாக அவள் முகம் அழுது தீர்த்துவிட்டது போல. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் வேறொருத்தி பக்கம் விளக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் பேப்பரில் பழைய படமே வந்தது. கீழே அதே வரி. முதல் தடவையாக அது உண்மை.

துக்கம் கேட்க வந்த சீனிவாசகம் தலை நிமிரவில்லை. சண்முகத்தாய்தான் கேட்டாள்.

"தம்பி, அன்னைக்கு அவுக எந்தோள்ல கைவச்சாகளே, அந்தக் கை படத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"முகம் எனக்கு வேண்டாம். அந்தக் கைய மட்டும் குடுங்க."



"வெட்டுன படத்தைத்தாங்க்கா ஆபீஸ்ல வச்சிருக்காக."

அப்போதுதான் அவள் அழுதாள்.