உளவாளிக்குப் பதவி உயர்வு

வெளிநாட்டு உளவாளிப் படம் ஒன்று, இருபத்திரண்டு வருஷமாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. அதில் உளவாளி வாயைத் திறந்தால் நம் மொழியில் வருவது டப்பிங் பேசும் இவர் குரல்தான். தெருவில் இவருக்கு 'ஏஜெண்ட்' என்றே பெயர். வேறு தொழில் எதுவும் தெரியாது. நடுநடுவே விளம்பரம், ஒரு கார்ட்டூன் கரடி, அவ்வளவுதான். தொண்டையைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். ஐஸ் கிடையாது, கத்தல் கிடையாது. மனைவியோடு சண்டை என்றால்கூடத் துண்டுச்சீட்டில் எழுதித்தான் போடுவார். அந்தம்மா பொறுமைசாலி, வேறென்ன சொல்ல?

திரையில் உளவாளிக்கு வயசாகிவிட்டது. சுவர் ஏறிக் குதித்தால் மூச்சு வாங்கினான். அடுத்த பாகத்தில் அவனைச் சாகடிப்பார்களா, இல்லை உளவுத்துறைக்கே தலைவனாக்குவார்களா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, இவருக்கு வயிற்றுப்பாடு. தலைவனானால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னும் பத்து வருஷம் பேசுவான், இவரும் பேசலாம். செத்தால் இவர் பாடு அதோகதி. யார் காலில் போய் விழுவது? கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது. கண்டிப்பாகத் தலைவனாவான், அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே என்று மனைவிதான் தினமும் தைரியம் சொன்னாள்.

ஒருவழியாகப் படம் வந்தது. ஸ்டுடியோவில் போட்டுக் காட்டினார்கள். முதல் காட்சியிலேயே உளவாளி நரைத்த தாடியோடு தலைவனின் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஏஜெண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து மைக் பக்கம் போனார். டப்பிங் டைரக்டர் குறுக்கே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க குரல் இன்னும் முப்பது வயசுலேயே நிக்குது. தலைவருக்கு ஒட்டாது."

அந்த ஸ்டுடியோவில் குரல் ஆளைப் பார்த்துப் போகாது, நாற்காலியைப் பார்த்துத்தான் போகும். தலைவன், நீதிபதி, கடவுள் எல்லாருக்கும் ஒரே கட்டைக்குரல்காரர். அவர் ஏற்கெனவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். புது உளவாளிக்காவது பேசலாம் என்றால், அது பெண். ஏஜெண்ட் தொண்டையைச் செருமி, அடிவயிற்றிலிருந்து ஒரு வசனம் பேசிக் காட்டினார். கார்ட்டூன் கரடியின் குரல்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

வெறுங்கையோடு அனுப்ப டைரக்டருக்கும் மனசில்லை. மாடியிலிருந்து விழுகிற காவலாளியின் அலறல் ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கொடுத்தார். ஏஜெண்ட் அலறினார். இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றார்கள். அலறினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவிலேயே கேட்டாள்.

"தலைவன் ஆயிட்டானா?"

"ஆயிட்டான்."

அவ்வளவுதான், கையில் பிடிக்க முடியவில்லை அவளை. மகளுக்குப் போன் போட்டு, இனி பத்து வருஷத்துக்கு அப்பாவைப் பற்றிக் கவலையே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். போன் இவர் கைக்கு வந்தது.

"சந்தோஷம்தானேப்பா?" என்றாள் மகள்.

"ம்" என்றார்.