பத்து வருஷம் படிக்காத கடிதம்

எழுத்தாளர்கள் கையெழுத்துப் போட்ட கடிதங்களைச் சேர்க்கிறவன் நான். கோபிசெட்டிபாளையத்தில் ஓர் அம்மா, இறந்துபோன தன் கணவருக்கு ஒரு நாவலாசிரியர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்ன எழுதியிருக்குதுங்க?"

லென்ஸ் வைத்துக் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "சும்மா நலம் விசாரிச்சிருக்காருங்க" என்றேன்.

பத்து வருஷம் கழித்து, எல்லாவற்றையும் விற்றுவிடலாமென்று அலுப்போடு பட்டியல் போடும்போதுதான் அதைப் படித்தேன். 'உங்கள் வீட்டில் சாப்பிட்ட ராகிக்களியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. உங்கள் மனைவியிடம் அவசியம் சொல்லுங்கள்.'

மறுநாளே போய்ப் படித்துக்காட்டினேன். அந்த அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரரும் சொல்லலீங்க. நீங்களும் சொல்லலீங்க."

திட்டியிருந்தால் தேவலை. திரும்பும்போது, வீட்டில் நான் படிக்காத கடிதங்கள் இன்னும் எத்தனை என்று நினைக்கவே களைப்பாக இருந்தது.