பாதி ஸ்ரீரங்கத்துக்கு ஒரே பாஸ்வேர்ட்

தில்லைநகரில் வரன் பார்க்கும் வெப்சைட் ஒன்றில் நான் புரோகிராமராக இருந்தேன். ஒரு நாள் காலை, ஸ்ரீரங்கத்துச் சம்பத் மாமா மகள் வைதேகியோடு வந்து நின்றார்.

"நன்னாருக்காம்மா இது? பிள்ளையை இவளுக்கும் பிடிச்சுப்போய், நிச்சயத்துக்கு நாள் பார்த்துண்டிருக்கோம். 'எங்களுக்கு விருப்பமில்லை'ன்னு உங்க சைட்லேர்ந்து அவாத்துக்குப் போயிருக்கு. நாங்க அனுப்பவே இல்லை!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாஸ்வேர்டை ஹாஷ் பண்ணியிருக்கு, யாராலயும் படிக்க முடியாதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

சொன்னேன்தான். ஹாஷ் என்பது பாஸ்வேர்டை அரைத்து வேறு எழுத்துகளாக்கும் ஒருவழிப் பாதை. அரைத்த மாவை எந்த கிரைண்டராலும் அரிசியாக்க முடியாது. ஆனால் திருடன் அப்படி மெனக்கெட மாட்டான். தனக்குத் தோன்றும் சொற்களை அவனே அரைத்து, எது நம் மாவோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பான். அதனால்தான் ஆளுக்கொரு சால்ட், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் நாலு எழுத்தை உப்பு மாதிரி சேர்த்து, மெதுவாக அரைக்கிற ஹாஷாகப் போடலாம் என்று முன்பே கெஞ்சியிருந்தேன். "ஓடுறதை ஏங்க நோண்டுறீங்க?" என்றார் இந்த மகான்.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் டேபிளைத் திறந்தேன். வைதேகி உட்பட ஸ்ரீரங்கத்துக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஹாஷ். 'ரங்கநாதா'வை அரைத்துப் பார்த்தேன். அச்சாக அதேதான்.

"பெருமாள் திருநாமம்மா. வேற என்னத்தை வைப்பா?" என்றார் மாமா.

டேபிள் வெளியே போன வழியை முதலாளியே உளறினார். ஆடித் தள்ளுபடி எஸ்எம்எஸ் அனுப்ப ஏஜென்ட் கேட்டது போன் நம்பர் மட்டும். இவர் முழு டேட்டாபேஸையும் பென் டிரைவில் தாரை வார்த்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து விளையாடியது யாரென்று கடைசிவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிள்ளையின் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. ஆனா பொண்ணோட பாஸ்வேர்ட் இன்னொருத்தனுக்கு எப்படித் தெரியும்? நெருப்பில்லாம புகையுமா?"

வைதேகிக்கு முகம் சிவந்தது. "நான் அனுப்பலைன்னு உங்களால நிரூபிக்க முடியுமாக்கா?"

"முடியாதும்மா. அடிச்ச பாஸ்வேர்ட் சரியான்னுதான் ஹாஷ் சொல்லும். யார் அடிச்சாங்கன்னு சொல்லாது." சொல்லும்போதே எனக்கு அவமானமாக இருந்தது.

"அப்போ கொஞ்சம் நகருங்கோ." என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவுக்குக்கூடக் காட்டாமல் புது பாஸ்வேர்ட் வைத்தாள். பிறகு பிள்ளை வீட்டுக்கு அடித்தாள்: 'எங்களுக்கு விருப்பமில்லை.'

"என்னடி பண்றே?" என்று பதறினார் மாமா.

"இதை நான்தாம்ப்பா அனுப்பறேன்."

அன்று மத்தியானமே சால்ட் சேர்க்க உத்தரவு வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலாளி வேண்டாமென்றாலும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அவர் அடித்த கூத்தில் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றது. அவருக்குப் போனது ஒரு சந்தா.