மெர்லாங்கூரை விசாரித்த கதை

தேவராஜா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கொக்குவிலில் ஒரு சைக்கிள் கடையில் ஒட்டுப் போடத் தொடங்கி, இன்றைக்கு மெல்பேணில் கிரெய்கிபர்ன் பக்கம் சொந்தமாகக் கார் ரயர் கடை வைத்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் யாரும் கிட்டப் போக யோசிப்பார்கள். ஆனாலும் கலியாணப் பேச்சு என்று வந்தால் சனம் அவரைத்தான் தேடி வரும். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே அவருக்கு ஒரு ஆள் இருக்கும். இரண்டு போன் எடுத்தால் போதும், மாப்பிள்ளையின் குடி, சீட்டு, கோபம் எல்லாம் வந்து விழும். ஊர் கேட்பதற்குப் பின்னால் வேறொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். அது தேவராஜாவுக்கும் இருந்தது, இல்லை என்றால் பொய்.

ஊருக்கெல்லாம் விசாரித்தவர் சொந்த மகள் விஷயத்தில் கோட்டை விட்டார். மூத்தவள் நிரூபாவுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையின் ஊர் சரி, சாதிசனம் சரி. ஆனால் அவன் பத்து வருசம் இருந்த லண்டனை ஒருவரும் விசாரிக்கவில்லை. அங்கே அவனுக்கு ஒரு பெண்சாதி இருந்தாள். கலியாண அழைப்பிதழ் பாதிப்பேருக்குக் கொடுத்த பிறகுதான் அது வெளியில் வந்தது. நிரூபா ஒரு வருசம் கோயில், கொண்டாட்டம் ஒன்றுக்கும் போகவில்லை. தகப்பனைக் குறை சொல்லவும் இல்லை. அதுதான் அவரைப் போட்டு அரித்தது.

மூன்று வருசம் கழித்து அவளே ஒரு பெடியனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் கபிலன். இங்கே ரயில் பாதை வேலையில் என்ஜினியர்.

"தம்பி எந்த ஊர்?" என்று தேவராஜா வழக்கம்போலத் தொடங்கினார்.

"மெர்லாங்கூர், அங்கிள்."

"அது வடமராட்சிப் பக்கமோ?"

"பிரான்ஸ், அங்கிள். வடக்குப் பக்கம். முந்நூறு சனம்தான். தமிழ் எண்டு பாத்தா நாங்கள் ஒரு குடும்பம்தான்."

தேவராஜா மனதுக்குள் ஆள் தேடினார். பாரிஸ் என்றால் நூறு பேரைக் கேட்கலாம். தமிழரே இல்லாத ஊரில் யாரைக் கேட்பது?

அந்தக் கிழமையே யாரோ ஒரு புண்ணியவான் ஒரு படம் அனுப்பிவிட்டான். கபிலன் கோட் போட்டு, நெஞ்சில் பூக் குத்தி நிற்கிறான். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. பின்னால் நகரசபை மாதிரி ஒரு கட்டடம், மூவர்ணப் பட்டி கட்டின மேயர். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

மனைவி கிரிஜா படத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். "பெடியனையே கேட்டா என்ன?"

"முதல் வந்தவனையும் கேட்டனான்தானே. சாமி படத்துக்கு முன்னால நிண்டு இல்லையெண்டவன்."

"அப்ப பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"உறுதியாத் தெரியாம அவளுக்கு மூச்சு விடமாட்டன்."

சித்தப்பா மகன் ஜெகதீஷ் பாரிஸில் இருந்தான். தேவராஜா அவனைப் பிடித்தார். அவன் முதலில் மாட்டேன் என்றான், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் ஏறினான். அவன் போய் இறங்கினபோது மெல்பேணில் பின்னேரம் ஆறு மணி. ஞாயிறு என்பதால் கடை பூட்டு. உள்ளே ரயர் அடுக்குகளுக்கு நடுவில் தேவராஜா போனோடு இருந்தார்.

"அண்ணை, இறங்கிட்டன். ரெண்டு ரயில், ஒரு ராக்சி. சாப்பாட்டுக்கடை ஒண்டும் இல்லை. நல்ல சம்பந்தம் பாத்தியள்."

"அலட்டாமக் காட்டு."

வீடியோவில் ஊர் தெரிந்தது. சுற்றிவர பீட்ரூட் வயல். சீனி எடுக்கிற வெள்ளைக் கிழங்காம். நிலம் சப்பட்டையாகப் போய், ஒரு இடத்தில் பள்ளமாக இறங்குகிறது. பள்ளத்துக்குள் ஊர். ஒரு தெரு, ஒரு தேவாலயம், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடம், வாய்க்கால் அகலத்தில் ஒரு ஆறு. வீடுகளெல்லாம் ஒரே சிவப்புச் செங்கல், ஒரே வயசு.

"என்னடா இது, வீட்டுத்திட்டம் மாதிரி இருக்கு?"

"பேக்கரி திறந்திருக்கு, கேட்டுச் சொல்லுறன்."

பேக்கரிக்காரி எழுபது வயசு மதிக்கத்தக்க மனுசி, பெயர் கொலெத். ஜெகதீஷ் பாண் வாங்குகிற சாக்கில் கதை கொடுத்தான். அவள் சொன்னதை அவன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். முதலாம் உலக யுத்தத்தில் ஊர் தரைமட்டம். சனம் மூன்று வருசம் வெளியில் கிடந்து திரும்பி வந்தபோது தெருவும் இல்லை, வேலியும் இல்லை. கிணறுகளை வைத்துத்தான் எது யாருடைய வளவு என்று பிரித்தார்களாம். வீடு கட்டி முடியும்வரை தகரக் கொட்டில். ஊருக்கு வெளியே, அங்கே செத்த ஒஸ்ரேலியப் பெடியளின் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே புல்லு வெட்டுகிற வேலைக்குத்தான் கபிலனின் தகப்பன் இந்த ஊருக்கு வந்தவர்.

ஆமி காணிகளைத் திருப்பி விட்ட பிறகு கட்டுவனில் தேவராஜாவின் தமையனும் கிணற்றைக் கண்டுதான் தங்கள் காணியை அடையாளம் பிடித்தவர். ஆனால் அவருடைய கண் வேறொன்றில் நின்றது.

"அந்த மனுசிக்குப் பின்னால, சுவரில. கிட்டக் கொண்டு போ."

சுவரில் அதே படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கபிலன், வெள்ளை உடுப்புப் பெட்டை, மேயர்.

"ஆரெண்டு கேள்."

ஜெகதீஷ் கேட்டான். கொலெத் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி ஏதோ கத்தினாள். மா அப்பின கையோடு ஒரு தடியன் வெளியே வந்தான்.

"அண்ணை, அந்தப் பெட்டை இவவின்ர மகளாம். மாப்பிளை இந்தத் தடியனாம். கபிலன் சாட்சிக் கையெழுத்து வச்சவனாம். படம் எடுத்தது மாப்பிளை, அதுதான் அவன் அதில இல்லை."

தடியன் மோதிர விரலைத் தூக்கிக் காட்டினான். தேவராஜா ஒரு ரயரில் சாய்ந்தார்.

"கபிலனுக்கு முந்தி ஒண்டும் இல்லையோ எண்டு வடிவாக் கேள்."

"இஞ்ச ஆராவது கட்டுறதெண்டா பத்து நாளைக்கு நகரசபைக் கதவில அறிவிப்பு ஒட்டவேணுமாம். அதைத் தாண்டித்தான் இவ தினமும் கடை திறக்க வாறவவாம், கபிலன்ர பேரை ஒருநாளும் காணேல்லையாம். தனக்குத் தெரியாம இந்த ஊரில கோழியும் முட்டை போடாதாம்."

பிறகு கொலெத் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். திரையில் அவளுடைய பெரிய முகம் மட்டும் தெரிந்தது. ஜெகதீஷின் குரல் பின்னால் வந்தது.

"அண்ணை, பிள்ளையின்ர கலியாண விசயத்தைச் சொல்லிட்டன், இப்ப அவ கேக்கிறா. நீங்கள் என்ன வேலை?"

"ரயர் கடை."

"குடிப்பியளோ?"

"நல்லநாள் பெருநாளில ஒரு பியர்."

"பிள்ளைக்குக் கோவம் வருமோ?"

"என்னை மாதிரி இல்லையெண்டு சொல்லு."

"முப்பத்தொண்டு வயசு வரைக்கும் ஏன் கட்டாம இருந்தவ?"

தேவராஜா லண்டன்காரனின் கதையைச் சொன்னார். வெளி ஆள் ஒருவருக்கு அதை அவர் சொன்னது அதுதான் முதல் தரம். கொலெத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிவில் ஒரு சொல் சொன்னாள்.

"என்னவாம்?"

"தூசணம் அண்ணை. உங்களுக்கில்லை, லண்டன்காரனுக்கு."

வீட்டுக்கு வந்தபோது நிரூபா வாசலில் போனோடு நின்றாள்.

"அப்பா, சீரியஸ்லி? பேக்கரிக்கு ஆள் விட்டனீங்களாம்?"

அவர் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். பேக்கரிக்காரி கையோடு கபிலன் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். முந்நூறு சனத்துக்கும் இப்போது தேவராஜாவைத் தெரியும்.

"ஓம் பிள்ளை. ஒரு படம் வந்தது. பயந்திட்டன்."

"எனக்கும் அந்தப் படம் வந்தது. நான் கபிலனையே கேட்டனான். அண்டைக்கே சொல்லிட்டார்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பயப்பிடுவியளெண்டுதான்."

உள்ளே கிரிஜா சிரிக்கிற சத்தம் கேட்டது. தேவராஜா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். "பெடியன்ர தகப்பன் என்னவாம்? கோவமோ?"

"விசாரிக்காம விட்டிருந்தாத்தான் தான் யோசிச்சிருப்பாராம். உங்களோட நாளைக்குக் கதைக்க வேணுமாம்."

"நாளைக்கென்ன, இப்பவே எடு. அங்க பகல்தானே."

"சாப்பிட்டிட்டு எடுங்கோ," என்று குசினிக்குள் இருந்து கிரிஜா சொன்னாள். ஒரு கிழமையாகச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்த மனுசன் அன்றைக்கு மூன்று தரம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.