திண்டிவனத்துக்கு ஒரு பை வெடிக்காய்

நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே சத்தியம் செய்து தொடங்குகிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரியில், அணுசக்தியை மஞ்சள் பையில் போட்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோனவன் நான்.

என் அக்கா மகள் மல்லிகா திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். அடுத்த ஆண்டு சயன்ஸ் குரூப்புக்குப் பதினைந்து பேராவது பெயர் கொடுக்காவிட்டால் குரூப்பையே மூடிவிடுவார்கள். கொடுத்திருந்தவர்கள் ஆறே பேர். மற்றவர்களுக்கு அணு என்பது மனப்பாடம் செய்யவேண்டிய நான்கு பக்கம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். "மாமா, உங்க ரயில்வே லைன் ஓரமா வெடிக்காய் காடா கெடக்குதே, ஒரு பை பறிச்சிக்கினு வாங்க" என்று கடிதம் போட்டாள். தண்ணீர் பட்டதும் பட்டென்று வெடித்து விதை தெறிக்குமே, அந்தக் காய்தான். எச்சில் தடவி அடுத்தவன் சட்டைக்குள் போடாத பிள்ளை உண்டா?

வெள்ளி காலை 7.20 பஸ். 38 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், டிக்கெட் மூன்றரை ரூபாய். விக்கிரவாண்டி தாண்டியதும் பக்கத்து அம்மாவின் கேப்பைக்கூழ்த் தூக்கு என் பைமேல் சாய்ந்தது. நாலாயிரம் காய்கள் ஒரே மூச்சில் வெடித்தன. பஸ் ஓரடி எழும்பி, கூட்டேரிப்பட்டு வரை டயர் தரையில் படாமல் பறந்தது.

"யோவ், இன்னாய்யா பையில?" என்றார் கண்டக்டர்.

"அணு" என்றேன்.

"எறங்குய்யா ஜல்தி!"

"அவர ஏன்யா எறக்கற?" என்று அந்த அம்மா எழுந்தார். "ஊத்தனது என் கூழு. மத்தியானத்துக்குத் துன்ன ஒண்ணுமில்லாம நான்தான் பேஜாராயிட்டேன்."

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பையின் அடியில் நனையாமல் பிழைத்தவை சுமார் நூறு. வகுப்பு வாசலிலேயே தலைமையாசிரியர் நின்றார்.

"இன்னாம்மா வெளையாட்டு இது? ஒப்பிக்க வெச்சா போதாதா?"

"ஒப்பிக்க வெச்சிதாங்க சார் ஆறு பேர் மிஞ்சினாங்க" என்ற மல்லிகா, அவர் முன்னாலேயே காய்களைத் தட்டில் கொட்டித் தண்ணீர் தெளித்தாள்.

முதல் நிமிடத்தில் ஏறக்குறைய பாதி வெடித்தது. அடுத்த நிமிடத்தில் மிச்சத்தில் பாதி. அடுத்து வெடிக்கப்போவது எந்தக் காய் என்று கேட்டாள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எத்தனை மிஞ்சும் என்று கேட்டாள், "பாதி!" என்று வகுப்பே கத்தியது. அணுவும் இப்படித்தான் சிதையும், அந்தப் பாதிக் கணக்குக்குப் பெயர் அரை ஆயுள் என்றாள்.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இத முன்னயே சொல்றதுக்கு இன்னா டீச்சர்?"

இப்படிக் காய் கொண்டு போகிறவர்களுக்கு: பழுப்பாகக் காய்ந்தவற்றையே பறியுங்கள். துணிப்பை வேண்டாம், மூடியுள்ள டின். கூழுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். பிள்ளைகளுக்கு அணு புரியாது என்று எவராவது வாசலை மறித்தால், அவருக்கும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போங்கள்.

பஸ் பறந்ததை நம்பவேண்டாம். தொண்ணூறு பேர் பெயர் கொடுத்ததாக அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், அதுவும் பொய்தான். மாலை மணி அடித்தபோது பட்டியலில் இருந்தது பதினாறு பெயர். அது மட்டும் உண்மை.